கணக்கு குரூப் படித்துவிட்டு பி.ஏ. சேரலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. திருவட்டாறு அருகே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் பிரிவு. மொத்தம் 498, கணிதத்தில் 91, கணினி அறிவியலில் 94, இயற்பியலில் 72, வேதியியலில் 70. அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. பொறியியல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது மூன்று இடங்கள் கையில் இருக்கின்றன. உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம், அதே கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. கணினி அறிவியல், அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல். வளைகுடாவில் இருக்கும் மாமா கணினி அறிவியல் படி என்கிறார். பாட்டிக்கு நான் ஆசிரியை ஆக வேண்டும். எனக்குப் பொருளியல் மீது ஆசை இருக்கிறது. அப்பாவின் ரப்பர் ஷீட் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தினமும் பத்திரிகையில் பார்ப்பேன். ஆனால், 'கணக்கு குரூப் படித்துவிட்டு யாராவது பி.ஏ. சேருவார்களா, படித்ததெல்லாம் வீண்தானே' என்று வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள். கேரளத்தில் சேர்ந்தால் பாடத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒருவர் சொன்னார். எதைத் தேர்ந்தெடுக்கட்டும்?

பதில்: முதலில் உங்கள் வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மூன்று பாடங்களையும் நிறுத்துப் பார்ப்பதைவிட அது எளிது. பிளஸ் டூவில் கணிதம் படித்த ஒருவர் பி.ஏ. பொருளியலில் சேருவதால் அந்தக் கணிதம் வீணாவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலில் சேர, நுழைவுத் தேர்வில் கணிதத்தையும் ஒரு பாடமாக எழுதியாக வேண்டும். மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகத்தில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வில், பட்டப் படிப்பில் புள்ளியியல் படிக்காதவர்களும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்களிடம் 91 இருக்கிறது. நாளைக்கே மனம் மாறி எம்.சி.ஏ. படிக்க நினைத்தாலும், பிளஸ் டூவிலோ பட்டப் படிப்பிலோ கணிதம் இருந்தால் போதும் என்பதுதான் தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கைக்கான தகுதி. பி.ஏ. என்ற இரண்டு எழுத்துகள் இந்த மதிப்பெண் பட்டியலை அழித்துவிடப் போவதில்லை. கணக்குப் படித்தவர்கள் பி.ஏ. பக்கம் போகக்கூடாது என்பது, பொருளியலை வரலாற்றுக்கும் அரசியல் அறிவியலுக்கும் பக்கத்தில் வைத்து, மனப்பாடம் செய்து எழுதும் பாடமாகப் பார்த்த காலத்தின் எண்ணம். நம் ஊர்க் கல்லூரிகள் சிலவற்றில் அது இன்னும் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரியின் வாசலிலேயே, விண்ணப்பப் படிவத்திலேயே, உங்கள் முதன்மைப் பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் ஓரிரு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்துப் பார்த்த பிறகு முதன்மைப் பாடத்தை அறிவிக்கும் வழக்கம் இங்கே இல்லை. கேரளத்தில் 2024இல் நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கப்பட்டது; அங்கே முதல் ஆண்டின் முடிவில் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள், மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துடன் வெளியேறவும் செய்யலாம். உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் திருவட்டாற்றிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் போய்வருவதோ விடுதியில் தங்குவதோ உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். தமிழ்நாட்டிலேயே படித்தால், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்ற வகையில், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். பாடத்தை மாற்றும் வாய்ப்புக்காக மட்டும் எல்லை தாண்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இங்கேயும் வகுப்புகள் தொடங்கிய முதல் சில வாரங்களில், இடம் காலியாக இருந்தால், முதல்வரின் அனுமதியோடு அதே கல்லூரிக்குள் துறை மாறுவது நடைமுறையில் உண்டு. அந்த வாரங்கள் கடந்த பிறகுதான் மாறுவது கடினம்.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்கிறார்கள். நான் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்வேன். இந்தப் பாடத்தை எடுத்தால் எந்தெந்தக் கதவுகள் மூடும் என்பது ஒன்று. யாரும் கேட்கச் சொல்லாமலே நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் எந்தப் பாடத்துக்குள் இருக்கின்றன என்பது மற்றொன்று. உங்கள் விஷயத்தில் இந்த இரண்டும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் மாமாவோ பாட்டியோ அல்ல என்று நான் நினைப்பது அதனால்தான்.

கதவுக் கணக்கில் பி.எஸ்சி. கணிதம் முதலில் நிற்கிறது, அதில் ஐயமில்லை. கணிதப் பட்டதாரி எம்.எஸ்சி. கணிதம் படிக்கலாம், எம்.சி.ஏ. படிக்கலாம், பி.எட். முடித்துப் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம், எம்.ஏ. பொருளியலுக்கும் வரலாம். பொருளியல் முதுகலைக்கு எந்தப் பட்டதாரியையும் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் பல உண்டு; அங்கே கணிதம் படித்து வந்தவர்களுக்கு நல்ல வரவேற்பும் இருக்கிறது. ஆனால் பி.ஏ. பொருளியல் படித்தவர் எம்.எஸ்சி. கணிதத்துக்குப் போக முடியாது. ஒருவழிச் சாலை இது. இதை மட்டும் பார்த்தால் கணிதத்தில் சேருங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நான் முடித்திருக்கலாம்.

அப்படி முடிக்காததற்குக் காரணம், பி.எஸ்சி. கணிதம் என்பது பிளஸ் டூ கணிதத்தின் நீட்சி அல்ல என்பதே. இதை மாணவர்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள், ஏனென்றால் முதல் ஆண்டு அப்படி ஒரு நீட்சியாகத்தான் தோன்றும். வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், முக்கோணவியல், முப்பரிமாண வடிவியல் என்று பழகிய முகங்களே வரும். பள்ளியில் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் இங்கேயும் நன்றாகவே போடுவார்கள். முகம் மாறுவது பின்னால், குலங்களும் வளையங்களும் பேசும் நுண்ணியற்கணிதமும் மெய்ப்பகுப்பாய்வும் வரும்போதுதான். அங்கே விடை கண்டுபிடிப்பது வேலையன்று. ஒரு கூற்று ஏன் உண்மை என்பதை, எந்த இடைவெளியும் விடாமல், வரையறையிலிருந்து தொடங்கி நிறுவிக் காட்டுவதே வேலை. ஒரு தொடர்முறை பூச்சியத்தை நெருங்குகிறது என்பது பார்த்தாலே தெரிகிறதே என்று சொல்லி நகர முடியாது. எவ்வளவு சிறிய மிகை எண்ணைக் கொடுத்தாலும், ஏதோ ஓர் உறுப்புக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் பூச்சியத்திலிருந்து அதைவிடக் குறைந்த தொலைவிலேயே இருக்கும் என்று காட்ட வேண்டும். இதில் மகிழ்ச்சி காண்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணிதம்போல வேறு பாடம் இல்லை. இது பிடிபடாமல், நிறுவல்களை வரி வரியாக மனப்பாடம் செய்து தேர்வெழுதிப் பட்டம் வாங்குபவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுக்கு மேலே நான் சொன்ன கதவுகள் பெயரளவில்தான் திறந்திருக்கும்.

நீங்கள் எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திறந்து, கடைசி அத்தியாயத்தில் வரும் ஈருறுப்புச் செயலிகள் பகுதியை மறுபடி வாசியுங்கள். அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, சமனி உறுப்பு, எதிர்மறை உறுப்பு என்று வரும் அந்தச் சில பக்கங்கள்தான் பின்னால் குலக் கோட்பாடாக வளர்கின்றன. போன ஆண்டு அந்தப் பகுதியை ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மட்டும் படித்தீர்களா, அல்லது 'சமனி உறுப்பு இரண்டு இருந்தால் என்ன ஆகும்' என்பது போல ஏதாவது உங்களுக்குத் தோன்றியதா? இப்போது ஒரு தாளை எடுத்து, ஒரு செயலிக்குச் சமனி உறுப்பு இருந்தால் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் நிறுவ முயலுங்கள். மூன்று வரிக்கு மேல் போகாத நிறுவல் இது. அதற்காக ஒரு மாலை முழுவதும் செலவானாலும் கவலை வேண்டாம். அந்த மாலை இனிமையாகக் கழிந்ததா, எரிச்சலாகக் கழிந்ததா என்பதை மட்டும் கவனியுங்கள். கணிதத்தில் நீங்கள் பெற்ற 91 இந்தச் செய்தியைச் சொல்லாது.

மதிப்பெண்களைப் பற்றி இன்னொன்று. கணினி அறிவியலில் 94 வாங்கியிருப்பதால் அதுதான் உங்கள் பலம் என்று மாமா வாதிடக்கூடும். அந்தப் பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்குத்தான். மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் உரியது. கணிதத்தில் எழுத்துத் தேர்வே 90. ஆகவே இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். அதைவிட, பைத்தான் பாடம் நடந்த அந்த ஆண்டில், செய்முறைப் பதிவேட்டில் இருந்த நிரல்களைத் தவிர வேறு ஒன்றையாவது நீங்களாக எழுதிப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் கணினி பற்றி மாமாவின் விருப்பம் இருக்கிறது, உங்களுடைய ஒரு வாக்கியம்கூட இல்லை. சுயநிதிப் பிரிவு என்பதால் மூன்றிலும் அதிகக் கட்டணம் இதற்குத்தான். கணினியில் மனம் ஒன்றிப் படிப்பவர்களுக்கு அந்தக் கட்டணம் நியாயமான செலவு, மற்றவர்களுக்கு, எம்.சி.ஏ. வழி எப்படியும் திறந்திருக்கும்போது, அவசரப்பட்டு எடுக்க வேண்டிய முடிவு அல்ல. இந்தப் படிப்பை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

இங்கே உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு சொல். கணினி அறிவியலோடு செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் போன்ற பெயர்களைச் சேர்த்து ஆண்டுதோறும் புதிய பட்டங்கள் வருகின்றன. அரசுப் பணிகளுக்கான அறிவிக்கைகளில் குறிப்பிட்ட பட்டம் கேட்கப்படும்போது, பெயர் மாறிய பட்டங்கள் அதற்கு இணையானவையா என்பதற்கு அரசாணை தேட வேண்டிய நிலை ஏற்படுகிறது. எந்தப் பட்டமும் போதும் என்ற பணிகளில் சிக்கல் இல்லை. ஆனால் ஆசிரியப் பணி போன்று பாடத்தின் பெயரே தகுதியாக இருக்கும் இடங்களில், பெயர் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஆசிரியப் பணி என்றதும் பாட்டியின் விருப்பத்துக்கு வருகிறேன். அதைப் பழைய எண்ணம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் குமரி மாவட்டத்தில் பெண்கள் இவ்வளவு பேர் படித்து முன்னுக்கு வந்ததற்கு ஆசிரியப் பணி முக்கியமான காரணம். ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணி தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் படித்தவர்களுக்கே உரியது. பி.ஏ. பொருளியலுக்கு அங்கே இடமில்லை, பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் இல்லை. பொருளியல் படித்தவர் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து, மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வை எழுத வேண்டும். அந்தப் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பி.எட். இப்போது இரண்டாண்டுப் படிப்பு. ஆகவே விரைவில் ஆசிரியை ஆவதுதான் உங்கள் குடும்பத்தின் முதல் தேவை என்றால், இந்த மூன்றில் கணிதம் ஒன்றுதான் பொருந்தும். அது உங்கள் தேவையா, பாட்டியின் ஆசையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்தவரையில் இரண்டாவதாகவே தெரிகிறது.

இனி பொருளியல். நீங்கள் ரப்பர் ஷீட் விலையைத் தினமும் பார்ப்பதாக எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆர்.எஸ்.எஸ்.4 என்ற ரப்பர் ஷீட் தரத்தின் விலை கோட்டயத்தில் என்ன, பாங்காக்கில் என்ன என்று ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் அதிலிருந்து செய்யப்படும் செயற்கை ரப்பர் மலிவாகிறது; டயர் நிறுவனங்கள் அந்தப் பக்கம் சாயும்போது இயற்கை ரப்பருக்கான தேவை குறைகிறது; எங்கோ பாலைவனத்தில் எடுக்கப்படும் எண்ணெய் உங்கள் அப்பாவின் கூலி வரைக்கும் வந்து நிற்கிறது. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று வரத்து குறையும்போது விலை ஏற வேண்டுமே, சில ஆண்டுகளில் ஏன் ஏறுவதில்லை என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருந்தால், இறக்குமதியும் இருப்பும் எதிர்பார்ப்பும் விலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்ற பாடத்தின் வாசலில் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

கணிதத்துக்குச் சொன்னதுபோல இதற்கும் ஒரு சோதனை. நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக்கான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மேற்குக் கடற்கரைக்கான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒவ்வொன்றும் 61 நாள். ஜூன் முதல் இரண்டு வாரங்களில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. இந்த மூன்றரை மாதங்களில் திருவட்டாறு சந்தையில் மீன் விலை எந்த வாரத்தில் எப்படி நகரும், அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு, தடை இல்லாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அதே சந்தையில் என்ன நடக்கும் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். சரியான விடை என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை. எழுதத் தொடங்கியதும் 'இதைச் சொல்ல எனக்கு எண்கள் வேண்டுமே, அவற்றை எங்கே தேடுவது' என்ற தவிப்பு வருகிறதா என்று பாருங்கள். அந்தத் தவிப்பு உள்ளவர்களே இந்தத் துறையில் நிலைக்கிறார்கள்.

வளைகுடாவிலிருந்து மாமா அனுப்பும் பணம்கூட இந்தப் பாடத்துக்குள்தான் வருகிறது. ஊரில் நிலத்தின் விலையையும் கல்யாணச் செலவையும் பிள்ளைகளின் படிப்பையும் அந்தப் பணம் எப்படி மாற்றுகிறது என்பதை 1998 முதல் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்துவருகிறது கேரளப் புலம்பெயர்வு ஆய்வு. அதைத் தொடங்கி நடத்தியது திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம். பொருளியலாளர் கே. என். ராஜ் முன்னின்று உருவாக்கிய அந்த நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அங்கே பயன்பாட்டுப் பொருளியலில் எம்.ஏ. இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. ஐ.ஐ.டி.களின் முதுநிலைப் படிப்புகளுக்கான ஜாம் தேர்வில் 2021 முதல் பொருளியலும் ஒரு தாளாக இருக்கிறது. எம்.ஏ. முடித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு உண்டு. அதற்குப் பொருளியலில் முதுகலை கட்டாயம் என்பதால் மற்றத் துறையினர் போட்டிக்கு வர முடியாது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் பொருளியல், நுண்கணிதமும் புள்ளியியலும் கலந்த பொருளியல். 'கணக்கு குரூப் படித்துவிட்டு பி.ஏ.வா' என்று கேட்டவர்களுக்கு இதை நீங்கள் பொறுமையாகச் சொல்லலாம்.

என் பரிந்துரை பி.ஏ. பொருளியல். ஆனால் இது நிபந்தனையோடு கூடியது. உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தில் பொருளியலுக்கான புள்ளியியல், பொருளியலுக்கான கணிதம் என்ற தாள்கள் வரும். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களும் சேர்ந்து படிக்கும் வகுப்பு என்பதால் அவை உங்களுக்கு மிக எளிதாகத் தோன்றும். அந்த எளிமையை நம்பி மூன்று ஆண்டுகள் கணிதத்தைத் தொடாமல் இருந்துவிட்டால், நான் மேலே எழுதிய முதுகலை நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுத் தாள் கையில் வரும்போது திகைத்துப் போவீர்கள். பல மாறிகள் கொண்ட சார்புகளின் பகுதி வகையிடல், பெருமம் சிறுமம் காணுதல், அணிகள், நிகழ்தகவுப் பரவல்கள் ஆகியவற்றை நீங்களாகவே பயின்றுவர வேண்டும். உங்கள் பழைய கணித ஆசிரியரிடம் போய் இதைச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்க மறுக்கமாட்டார். ஜாம் பொருளியல் தாளின் பாடத்திட்டத்தை முதல் ஆண்டிலேயே அச்செடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம்; எது வரை கணிதம் தேவை என்பதற்கு அதுவே அளவுகோல்.

நான் சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்து, கணிதத்துக்கான மாலைதான் உங்களை ஈர்த்தது, மீன் விலைக் கட்டுரை சலிப்பூட்டியது என்று தெரிந்தால், தயங்காமல் பி.எஸ்சி. கணிதத்தில் சேருங்கள். அப்போது அந்தத் துறையில் துணைப்பாடமாக என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். இயற்பியல், புள்ளியியல் இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தால் புள்ளியியலை எடுங்கள். நடுவண் அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத, பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். முதன்மைப் பாடத்தின் பெயரைப் பற்றி வீடே கூடி விவாதிக்கிறது. துணைப்பாடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வேதியியலில் சேருகிறவர் துணைப்பாடமாகக் கணிதம் எடுப்பதும் தாவரவியல் எடுப்பதும் முதுகலையில் இரண்டு வேறு திசைகளில் கொண்டுபோய் விடுகின்றன என்பது பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிகிறது.

எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதல் நான்கு பருவங்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் உண்டு. முதன்மைப் பாடத்துக்கு வெளியே ஒரு விருப்பப் பாடமும் எடுக்க வேண்டும். இவற்றைத் தேர்ச்சிக்கான தொல்லையாக நினைக்காதீர்கள். தமிழ் வழியில் படித்துவந்த உங்களுக்கு ஆங்கிலத் தாள்தான் இந்த மூன்று ஆண்டுகளின் மிக முக்கியமான தாளாக இருக்கக்கூடும்.

பயிற்று மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அரசுக் கல்லூரியில் சேரும்போது அந்தக் கேள்வி வரலாம். பொருளியல் தமிழ் வழியில் கிடைத்தால் எடுக்கலாமா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப் படிப்பு முதல் அந்தப் பணிக்கான கல்வித் தகுதி வரை எல்லாம் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படித்த உங்களிடம் அந்தத் தகுதி இதுவரை முழுமையாக இருக்கிறது. பட்டப் படிப்பை ஆங்கில வழியில் எடுத்தால் பட்டம் கேட்கும் பணிகளுக்கு அதை இழப்பீர்கள். குரூப் 1, குரூப் 2 தேர்வுகள்தான் உங்கள் குறி என்றால் இது சிறிய இழப்பு அல்ல; தமிழ் வழியையே எடுங்கள், அப்போது எந்தப் பாடம் என்பது இரண்டாம் பட்சம், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். முதுகலைக்கு வெளியே போக வேண்டும், ஆராய்ச்சி வரை போக வேண்டும் என்றால் ஆங்கில வழி. கேள்விகளோடு இருக்கும் ஒரு மாணவி என்ற முறையில் உங்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். ஆனால் இதில் உங்கள் வீட்டு நிலையை என்னைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.

துறைகளை நேரில் பார்க்காமல் எதையும் உறுதிசெய்ய வேண்டாம். நம் மாவட்டத்தில் ஒரே பேருந்துத் தடத்தில் மூன்று நான்கு கல்லூரிகள் இருப்பது மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி. கல்லூரியின் பெயரைக் கேட்டுச் சேருவதைவிடத் துறையின் தரத்தைக் கேட்டுச் சேருவது மேல். பெயர்பெற்ற கல்லூரியிலும் சோர்ந்துபோன துறைகள் உண்டு, பலரும் கேள்விப்படாத கல்லூரியிலும் உயிர்ப்பான துறைகள் உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவிகளைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். முதலாண்டு மாணவிகளுக்கு எல்லாமே புதிதாக இருப்பதால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், கடந்த ஆண்டு முடித்தவர்களில் யாராவது வெளியூருக்கு முதுகலை படிக்கப் போனார்களா, மூன்றாம் ஆண்டில் களப்பணியோடு கூடிய ஆய்வேடு உண்டா, அதை அவர்களே எழுதினார்களா, கடையில் கொடுத்து எழுதி வாங்கினார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் சிரிப்பிலிருந்தே நிறைய தெரிந்துகொள்ளலாம். பொருளியல் துறை குறிப்பேட்டைச் சொல்லி எழுதவைக்கும் துறையாக இருந்து, கணிதத் துறையில் மாணவிகளைக் கரும்பலகைக்கு அழைத்து நிறுவச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், என் பரிந்துரையை மாற்றிக்கொள்ளலாம். அப்போது கணிதத்தில் சேர்ந்து, பொருளியலை விருப்பப் பாடமாகவும் தனி வாசிப்பாகவும் வைத்துக்கொண்டு, எம்.ஏ.வுக்குப் பொருளியல் பக்கம் வரும் வழி இருக்கவே இருக்கிறது.

அப்பாவிடம் பேசும்போது பட்டத்தின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று படிப்புகளுக்கும் ஆகும் கல்விக் கட்டணம், பேருந்து, புத்தகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் சுயநிதிப் பிரிவுக் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு, பின்னால் எம்.ஏ. படிக்க வெளியூர் போகும்போது விடுதிச் செலவுக்கு எவ்வளவு உதவும் என்பதை அவருக்குக் காட்டுங்கள். பட்டம் முடிந்ததும் வேலை கிடைக்குமா என்று கேட்டால், மூன்று படிப்புகளில் எதற்கும் அந்த உறுதியை யாரும் தர முடியாது என்பதையும், வங்கி, எஸ்.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளின் பெரும்பாலான பதவிகளுக்கு மூன்றும் ஒன்றே என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாமாவுக்கும் இதே தாளைப் படம் எடுத்து அனுப்பலாம்.

சேர்க்கை நாளன்று மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மாற்றுச் சான்றிதழ் தவிர மற்ற அசல்களைச் சரிபார்த்த பிறகு கேட்டு வாங்கிவிடுங்கள். அவற்றைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைக்கப்பட்டு இருக்கட்டும். இரண்டு சோதனைகளையும் இந்த வாரமே செய்துவிட்டு, கல்லூரிகளுக்குப் போய்வந்த பிறகு, என்ன கண்டீர்கள் என்று விருப்பமிருந்தால் எழுதுங்கள். அந்த மீன் விலைக் கட்டுரையையும் சேர்த்து அனுப்பினால் வாசிப்பேன்.